அடையாளம் தெரியாத வான்பொருள்: படைத்துறை நடைமுறை

வானில் கண்ணுக்கோ ரேடாருக்கோ தென்பட்டு, இன்னதென்று உடனே சொல்ல முடியாத பொருளையோ ஒளியையோ குறிக்கும் பெயர் 'அடையாளம் தெரியாத வான்பொருள்'. பேச்சுவழக்கில் 'பறக்கும் தட்டு'. அமெரிக்க வான்படை 1947 முதல் 1969 வரை 12,618 தகவல்களைப் பதிவு செய்தது. அவற்றில் 701-க்கு விடை கிடைக்கவில்லை. இந்தியாவில் இத்தகைய பொருளை அடையாளம் காணும் வேலை வான்பாதுகாப்பு வேலையோடு சேர்ந்தே நடக்கிறது. ரேடாரில் தெரியும் விமானத்தைப் பயணத் திட்டத்தோடும் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணோடும் ஒத்துப்பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் வானொலியில் அழைப்பார்கள். பதில் இல்லையென்றால் போர்விமானம் கிளம்பும்.

நன்கு தெரியவந்த இந்திய நிகழ்வு லடாக்கில் நடந்தது. 2012 ஆகஸ்டு முதல் பாங்காங் ஏரிப் பகுதியில் காவல் நின்ற படையினர், சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சள் ஒளி ஒன்று எழுந்து மணிக்கணக்கில் வானைக் கடந்து மறைவதாகத் தகவல் அனுப்பினர். உளவு ட்ரோன் என்ற ஐயம் வலுத்தது. ஏரியருகே நடமாடும் ரேடாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் எதுவும் பதிவாகவில்லை. ஆளில்லா விமானம் ஒன்றை ஏவினார்கள். அது தன் உச்ச உயரத்தை எட்டியும் பயனில்லை. 2013 பிப்ரவரிக்குள் 329 முறை பார்த்ததாகப் பதிவு. அதில் 155 எல்லைமீறல் என்று எழுதப்பட்டது.

புதிரை விடுவித்தவர்கள் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் தெரிந்தது என்ற மூன்றையும் குறித்துவரச் செய்தார்கள். கணக்கு நேராகப் பொருந்தியது: மாலையில் கிழக்கே எழுந்தது வியாழன், விடியுமுன் எழுந்தது வெள்ளி, காவிரிக் கரையில் வயலுக்குக் கிளம்புகிறவர்கள் நேரம் பார்க்கும் அதே விடிவெள்ளி. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கோள்கள் கூடுதல் ஒளியோடு தெரியும். இவ்வளவு எளிய அளவீட்டை முதல் வாரத்திலேயே எடுத்திருக்க வேண்டும்.

2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஒரு சிறு பொருள் தெரிந்ததால் விமானப் போக்குவரத்து சில மணி நேரம் நின்றது. ரஃபேல் விமானங்கள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அதன் பிறகு அப்பொருள் தென்படவில்லை என்று வான்படை அறிவித்ததோடு சரி.

தமிழ்நாட்டில் வான்பாதுகாப்பு வேலைக்கான தளங்களில் ஒன்றான தஞ்சாவூர் வான்படைத் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில் வளர்ந்தது. 1942-இல் பிரிட்டிஷ் வான்படையின் 36-ஆம் அணி இங்கே வெலிங்டன் விமானங்களைப் பெற்று, கடல்மேல் ரோந்து சுற்றியது. 2013 மே மாதம் இது முழுமையான தளமாயிற்று. 2020 ஜனவரி 20 முதல் 'டைகர்ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆம் அணியின் சுகோய்-30 விமானங்கள் இங்கு நிலைகொண்டுள்ளன. ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின் அதிர்வொலி, கீழே இருப்பவர்களுக்கு வெடிச்சத்தம்போல் கேட்கும். தளத்தைச் சுற்றி ட்ரோன் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். டெல்டா வயல்களில் மருந்து தெளிக்கவும் இப்போது ட்ரோன்கள் வந்துவிட்டதால், வானில் தெரியும் புதுப்பொருள் அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.