முக்தாபாய் கேட்ட கேள்வி



பெண்கல்வி பற்றிப் பேசும் மேடைகளில் நாம் சாவித்திரிபாய் புலேயின் படத்தை வைக்கிறோம். 1848இல் புனே நகரத்து பிடே வாடாவில் அவரும் ஜோதிராவும் தொடங்கிய பெண்கள் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம். பள்ளிக்கு நடந்து போகும்போது அவர்மேல் சாணியும் சேறும் எறிந்தார்கள். கையோடு கொண்டுபோன மாற்றுப் புடவையை உடுத்திக்கொண்டு அவர் பாடம் நடத்தினார் என்கிறோம். இவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் புலே தம்பதியின் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் கற்ற எழுத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. அந்த மாணவிகளில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் முக்தாபாய். முக்தா சால்வே என்றும் அறியப்படுகிறார். மாங் சாதியில் பிறந்தவர். மராட்டியத்தில் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களிலும் மகர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்கள் மாங் மக்கள். 1855இல், ஏறத்தாழ 14 வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார் முக்தா. அமெரிக்க மிஷனரிகள் நடத்திய 'ஞானோதய' இதழ் பிப்ரவரி 15, மார்ச் 1 ஆகிய இரு நாட்களில் அதை வெளியிட்டது.

பள்ளிக்கூடம் தந்தவர்களுக்கு நன்றி சொல்லும் கட்டுரையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் திகைத்துப்போவார்கள். வேதம் எங்களுக்கே சொந்தம், மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது என்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கென்று வேதமில்லை, நூலில்லை, எனவே மதமும் இல்லை என்றுதானே பொருள் என்று கேட்கிறார். எங்கள் மதம் எது என்று கடவுளையே கேட்கிறார். ஒரு பிரிவினருக்கு மட்டும் உரிமையும் மற்றவர்களுக்கு இழிவும் தருகிற மதம் இந்த மண்ணிலிருந்தே அழியட்டும் என்று எழுதுகிறார். அம்பேத்கர் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன் இந்த வரிகள் அச்சேறிவிட்டன.

பேஷ்வா ஆட்சியின் கொடுமைகளையும் அவர் பதிவு செய்கிறார். கட்டடங்களின் அடித்தளத்தில் மாங், மகர் மக்களை உயிரோடு புதைத்ததை எழுதுகிறார். உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோனவரின் தலையை வெட்டிப் பந்தாக விளையாடியதை எழுதுகிறார். எங்களில் ஒருவர் எழுதப் படிக்கக் கற்றாலும் அது குற்றமாக இருந்தது என்கிறார். பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது. முக்தா பிறந்தது அதற்கு 20 ஆண்டுகளுக்கும் பிறகு. சேரியின் வாய்மொழி நினைவாக இருந்தவை அவர் கையில் எழுத்தாயின.

அதே கட்டுரையில் நம் பெண்களின் பிரசவத்தைப் பற்றியும் எழுதுகிறார். தலைக்கு மேல் கூரையில்லாமல், மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையை உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எண்ணிப் பாருங்கள் என்கிறார். சாதியும் பெண்ணுடலும் சந்திக்கும் இடத்தைப் பற்றிச் சமூகவியல் வகுப்பில் இன்று பாடம் நடத்துகிறோம். அந்த இடத்தைப் புனேயின் மாங் சிறுமி ஒருத்தி 1855இலேயே தொட்டிருக்கிறாள். பெண்ணிய வரலாற்றில் முதன்மையாகச் சொல்லப்படும் தாராபாய் ஷிண்டேயின் நூல் வந்தது 1882இல். முக்தாவின் கட்டுரை அதற்கு 27 ஆண்டுகள் மூத்தது.

நம்மை நோக்கியும் முக்தா ஒன்று சொல்கிறார். பார்ப்பனரிடமிருந்து கற்றுக்கொண்ட குணத்தால் மகர்கள் மாங் மக்களைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள், அவர்கள் நிழலையும் தீட்டு என்கிறார்கள் என்று எழுதுகிறார். தமிழ்நாட்டில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானபோது நமக்குள்ளேயே எழுந்த முணுமுணுப்புகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

முக்தா கையில் எடுத்தது பேனாவை. யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. ஆனால் அந்த எழுத்தில் பணிவு கிடையாது. அமைதி வழியில் பேசு என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்பவர்கள் பல நேரங்களில் மெதுவாகப் பேசு, யார் மனமும் நோகாமல் பேசு என்பதைத்தான் சொல்கிறார்கள். புனே பள்ளிகளின் வரலாறு அமைதி வழிக்கு வேறு பொருள் தருகிறது. சாணி எறிந்த தெருவிலேயே மறுநாளும் நடந்தார் சாவித்திரிபாய். மதத்தின் மேலேயே கேள்வியை எழுப்பினார் முக்தா. ஜோதிராவ் 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு மனு கொடுத்தார். அரசின் வருவாயில் பெரும்பங்கு உழவரின் உழைப்பிலிருந்து வருகிறது, அந்தப் பணத்தில் மேல்சாதியினர் படிக்கிறார்கள் என்று அதில் கணக்குக் கேட்டார். 12 வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், பெண்களின் தொடக்கக் கல்வியை இன்னும் தாராளமாக விரிவாக்க வேண்டும் என்று கோரினார். இந்த மூவரும் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் இந்தியாவில் 2009இல்தான் வந்தது. ஜோதிராவின் மனுவுக்கும் அதற்கும் நடுவே 127 ஆண்டுகள். வாசல் திறந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தலித் பிள்ளைகளைப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவ வைத்ததாக இன்றும் செய்திகள் வருகின்றன. வருகைப் பதிவேட்டில் நம் பெண்பிள்ளையின் பெயர் இருக்கும். கழிப்பறையைக் கழுவச் சொன்னபோது அவள் மனதில் என்ன ஓடியது என்பது எந்தப் பதிவேட்டிலும் இராது. அதை அவள்தான் எழுத வேண்டும்.

முக்தாவின் எழுத்தாக நம் கைக்கு வந்திருப்பது அந்த ஒரு கட்டுரை மட்டுமே. ஒரு பள்ளியும், மாணவியின் எழுத்தை வாங்கி அச்சிட ஓர் இதழும் இருந்ததால் அதுவாவது மிஞ்சியது. பள்ளி இருந்தும் இதழ் இல்லாததால் எத்தனை முக்தாக்களின் எழுத்து அழிந்திருக்கும்?

ஆகவே மாலை நேர வகுப்புகள் நடத்தும் தோழர்களிடமும், சிற்றிதழ் நடத்தும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மனப்பாடப் பேச்சுப் போட்டிகள் போதும். உன் தெருவைப் பற்றி எழுது, உன் பள்ளியைப் பற்றி எழுது, எங்களைப் பற்றியும் எழுது என்று நம் பெண்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதித் தருவதில் கூர்மையான இடங்களை மழுக்காமல் அச்சிடுங்கள். அதில் நம் மேலும் குற்றச்சாட்டு இருக்கலாம். அந்தப் பக்கத்தை முதலில் அச்சுக்கு அனுப்புங்கள்.