சுருக்குத் தையல் வந்த வழி

தாயும் மகளும் ஒரே துணியில் உடுத்துவது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் உளர். தமிழர் இல்லங்களில் அது பழைய வழக்கம். பண்டிகை நெருங்கினால் கடைக்காரர் ஒரே சுருளிலிருந்து அளந்து கிழித்த துணி தந்தைக்கும் மகனுக்கும் சட்டையாகும். எஞ்சிய துண்டு சிறுமிக்குக் கவுணாகும். அங்கே சிக்கனமே தாய். அழகு பின்னர்ப் பிறந்த பிள்ளை.

இவ்வழக்கம் வேரூன்றிய இடங்களுள் ஒன்று, கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த புசல்லாவை. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், 1841ஆம் ஆண்டில், மொரிஸ் வோம்ஸ் என்பார் சீனாவிலிருந்து கொணர்ந்த தேயிலைக் கன்றுகளை இங்குள்ள ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, மலைகளைத் தேயிலை மூடியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அதனை வளர்த்தனர்.

அவர்களுக்குத் துணி எளிதிற் கிட்டும் பொருளன்று. மழைக்கும் குளிருக்கும் தோட்டம் கொடுத்த கம்பளியின் விலைகூடத் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடனோடு ஆளை மாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இல் பிறந்தது. புதுத்துணி என்பது தீபாவளி முற்பணத்தோடு வருவது. பின்னர்ச் சம்பளத்தில் மாதந்தோறும் கழிவது. ஆகவே, ஒரு முழத் துணியும் வீணாகாமல் வெட்டுவது அலங்காரக் கலையன்று, குடும்பக் கணக்கு.

ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் 1877இல் இலங்கையில் விற்பனைக்கு வந்தது. நாளடைவில் மலையகக் கடைத்தெருக்களின் திண்ணைகளிலும் அதன் ஒலி கேட்கலாயிற்று. பிள்ளை வளரும், துணி வளராது என்பதைத் தையற்காரர் நன்கறிவார். எனவே சட்டையின் கீழ்மடிப்பைப் பெரிதாக விட்டுத் தைத்தனர். ஆண்டுதோறும் அம்மடிப்பு பிரிக்கப்பட்டது. நீளத்துக்கு இவ்வாறு வழி கண்டனர். அகலத்துக்கு வழி சொன்னது சுருக்குத் தையல்.

அத்தையல் இங்கிலாந்தின் வயல்களில் வளர்ந்தது. உழவரும் வண்டியோட்டிகளும் அணிந்த தளர்ந்த மேலாடையில், மார்பிலும் கைமணிக்கட்டிலும் துணியை நுண்ணிய மடிப்புகளாகச் சேர்த்து, மடிப்பின் முகட்டில் தேன்கூடு போலத் தைத்தனர். இலாஸ்டிக் இல்லாத அக்காலத்தில் உடலோடு விரிந்து சுருங்கும் ஆடை அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உழவர் அதனைக் கைவிட, செல்வர் வீட்டுக் குழந்தைகளின் உடையில் அது குடியேறியது. பாரிஸ் நகரில் ஜான் லான்வின் என்னும் பெண்மணி 1897இல் பிறந்த தம் மகளுக்காக வடிவமைத்த ஆடைகளைக் கண்டோர் விரும்பவே, 1908இல் குழந்தை உடைகளையும், 1909இல் தாய்க்கும் மகளுக்குமான உடைகளையும் விற்கத் தொடங்கினார். வறுமை கற்பித்த வழக்கம் அங்கே நாகரிகமென்று பெயர் பெற்றது.

கையால் சுருக்குத் தைக்க, முடிந்த அகலத்தைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு துணி வேண்டும். அதனினும் அரிய பொருளாகிய ஓய்வும் வேண்டும். விடியலில் பிரட்டுக்களத்துக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் தாய்க்கு அவ்வோய்வு ஏது? தொழிலாளியின் சட்டையில் தோன்றிய தையல் தொழிலாளிக்கே எட்டாததாயிற்று.

அதனை மீட்டது இயந்திரம். துணியில் மெல்லிய இலாஸ்டிக் நூலை வரிவரியாகத் தைக்கும் முறை 1930களுக்குப் பின் பரவியது. பின்னர், மேல்பகுதி முன்னரே சுருக்கப்பட்ட துணி கெஜக்கணக்கில் விற்பனைக்கு வந்தது. அணிபவரின் மார்பளவைவிடச் சற்றே குறைத்து வெட்டி, முதுகில் ஒரு தையலால் இணைத்து, தோளுக்கு இரண்டு பட்டிகள் சேர்த்து, கீழ் ஓரத்தை மடித்தால் கோடை உடை ஆயத்தம். வெட்டிய ஓரத்தில் இலாஸ்டிக் நூல் நழுவாதபடி இருமுறை தைத்தல் மட்டுமே முக்கியம். தாய்க்கு வெட்டிய துணியின் எச்சம் மகளுக்குப் போதும். சித்திரை வெயிலுக்கு ஏற்ற அவ்வுடை, பிள்ளை வளரும்போது தானும் விரிந்து கொடுக்கும்.

1977க்குப் பின் இலங்கையில் இறக்குமதித் துணி பெருகியது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. 1986இல் ஏற்றுமதி வருவாயில் ஆடைத்தொழில் தேயிலையையே முந்தியது. 1992இல் கிராமப்புறங்களில் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் தொடங்கியது. கொழுந்து பறித்தவர்களின் பெண்மக்கள் பலர் இயந்திரத்தின் முன் அமர்ந்து, மேலைநாட்டார் கோடையில் அணியும் உடைகளைத் தைத்தனர். கூடை சுமந்த தோள்களின் வழித்தோன்றல்கள் ஊசியால் நாட்டுக்கு வருவாய் தேடினர்.

ஒரு தையலின் பயணம் இங்கே வட்டமாக முடிகிறது. உழைப்பவனின் மார்பில் பிறந்து, ஓய்வுடையோரின் அழகாக மாறி, மீண்டும் உழைப்பவளின் கைக்கு அது வந்து சேர்ந்தது. ஒரே துணியில் தாயும் மகளும் உடுத்தி நிற்கும்போது காண்பவர் கண்ணுக்கு அழகு தெரியும். அதனுள் மறைந்திருப்பது, வீணாகாத ஒரு முழத் துணியும், ஓய்வறியாத தாய்க்கு மிஞ்சிய ஓர் இரவுப்பொழுதும் ஆகும்.