பதிவேடுகளில் எமது பூட்டிகளைத் தேடி

என் அம்மம்மா தமது பூட்டியாரைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் சொல்லுவார்: "அவ உடுவிலிலை அக்னியூ அம்மாவிட்டைப் படிச்சவ." அந்தப் பூட்டியாரின் பெயர், பிறந்த ஆண்டு, ஞானஸ்நானம் பெற்ற கோவில் எல்லாம் எங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்தாள்களில் எழுதப்பட்டிருந்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வேதாகமத்தை எடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. திரும்பி வந்தபோது அது இருந்த அலுமாரியும் இல்லை. எமது பாடசாலையின் பழைய சேர்விடாப்புகளிற் பலவும் அந்த இடப்பெயர்வோடு போய்விட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி கேட்கப்பட்டபோது, அந்தப் பூட்டியாரைத் தேடிப் பார்ப்போம் என்று எண்ணினேன். இரவுக் கடமை முடிந்து வரும் நாட்களில், கடந்த ஓராண்டாக இணையத்திலுள்ள திருச்சபைப் பழம் பதிவுகளைப் பார்த்து வருகிறேன். அதிற் கற்றுக்கொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். உங்களிற் பலருக்கும் இப்படி ஒரு பூட்டி இருப்பார்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் முயற்சியால் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கின. எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் வந்து, 1879 வரை உடுவிலிற் பணியாற்றினார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைகளுக்குக் கற்பித்ததால் 'ஆயிரம் புதல்வியரின் தாய்' எனப் போற்றப்பட்டார். இவர்கள் எல்லோரும் பொஸ்ரன் நகரிலிருந்த தமது சங்கத்துக்குத் தவறாமற் கடிதங்களும் கணக்குகளும் அனுப்பினர். அக்கடிதங்களின் பகுதிகள் 'மிஷனரி ஹெரல்ட்' என்ற மாத இதழில் அச்சாகின. சங்கத்தின் கையெழுத்து ஆவணங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோற்றன் நூலகத்தில் உள்ளன. அச்சிட்ட இதழ்களோ படம் பிடிக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் மண்ணில் எரிந்தும் தொலைந்தும் போன செய்திகளிற் சில, கடல் கடந்து போனதாலேயே தப்பியிருக்கின்றன.

முதல் நாள் தேடற் பெட்டியில் 'உடுவில்' என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இட்டேன். ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. பிறகுதான் விளங்கியது. அன்று உடுவிலை இரட்டை 'ஓ' இட்டு 'ஊடூவில்' என்றும், வட்டுக்கோட்டையைப் 'பற்றிக்கோட்டா' என்றும், தெல்லிப்பழையைத் 'தில்லிப்பள்ளி' என்றும், பண்டத்தரிப்பைப் 'பண்டித்தெரிப்போ' என்றும் எழுதினார்கள். அவர்களின் எழுத்துக்கூட்டலை இட்டவுடன் பக்கங்கள் கொட்டின. ஆனாலும் கணினியின் கண் பூரணமானதல்ல. வரியின் இறுதியில் ஒரு சொல் இரண்டாக உடைந்திருந்தால், அல்லது மை மங்கியிருந்தால், அந்தச் சொல் அதற்குத் தெரியாது. ஒரு பரிசோதனை 'இல்லை' என்று காட்டினால் நோய் இல்லையென்று உடனே முடிவு கட்டக்கூடாது என மருத்துவ மாணவர்களுக்குச் சொல்வோம். ஆவணத் தேடலுக்கும் அது பொருந்தும். தேடிக் கிடைக்காதவிடத்து, அந்த ஆண்டின் தொகுதியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். நான் கண்டவற்றிற் பெறுமதியானவை பெரும்பாலும் அவ்வாறு புரட்டும்போது கிடைத்தவையே.

எழுத்துக்கூட்டலைவிடப் பெரிய தடை பெயர்கள். விடுதிப் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகள் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டினும் செத் பேசனும் ஆவர். பெயரைக் கேட்டால் வெள்ளையர் என்று எண்ணுவோம், இருவரும் தமிழர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை ஆகியோரின் முற்பெயர்களும் இவ்வகையினவே. இவர்கள் நூல் எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். அதனால் இவர்களின் தமிழ்ப்பெயர்களும் நிலைத்துவிட்டன.

பெண்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் பார்த்த பக்கங்களில், ஒரு பெண் விடுதியில் அமெரிக்கப் பெயருடன் இருக்கிறாள். திருமணமானபின் இன்ன உபதேசியாரின் மனைவி என்று மட்டும் வருகிறாள். வீட்டில் அவளைக் கூப்பிட்ட பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்றும் ஒரே பெண் என்று எப்படி அறிவது? சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் இருந்தால் தகப்பன் பெயர், ஊர், திகதி ஆகியவற்றைக் கொண்டு பொருத்திப் பார்க்கலாம். அவை இல்லாதபோது 'இவ்வருடம் இத்தனை பெண்கள் சபையிற் சேர்ந்தனர்' என்ற எண்ணிக்கையே மிஞ்சுகிறது. வாட்டில் நோயாளியைக் கட்டில் இலக்கத்தால் அழைக்கக்கூடாது என்று தாதியருக்குச் சொல்லும் எனக்கு, இந்தப் பக்கங்களை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். பணம் தருவோர் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை இவை. மதம் மாறிய பிள்ளையின் கதை விரிவாக வரும். படித்துவிட்டுச் சைவமாகவே வாழ்ந்த பிள்ளையைப் பற்றி ஒரு வரியோடு முடிந்துவிடும். எம்மவரின் வழக்கங்கள் பற்றிய வசனங்கள் சில மனத்தைத் தைக்கின்றன. ஆயினும், பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரில் அந்தப் பிள்ளைகள் ஏடும் எழுத்தாணியும் பிடித்தார்கள் என்பதற்கான சாட்சியமும் அதே பக்கங்களிற்றான் உண்டு.

என் பூட்டியாரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 1860களின் பட்டியல்களில் அவராக இருக்கக்கூடிய பெயர்கள் சில உண்டு. பொருத்தம் போதாது. 'இவர்தான்' என்று எழுத எனக்கு ஆசை இருக்கிறது, ஆதாரம் இல்லை.

ஆனால் இந்தத் தேடல் எமது சங்கத்துக்கு ஒரு வேலையைக் காட்டித் தந்தது. நூறு வருடங்களின் பின் எங்களைத் தேடும் ஒரு பிள்ளைக்கு இதே கஷ்டத்தை நாங்கள் வைத்துவிட்டுப் போகக்கூடாது. ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ, கொழும்பிலோ, ஊரிலோ இருக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது இவைதான். பழைய வகுப்புப் படங்களின் பின்புறத்தில் நிற்பவர்களின் பெயர்களை இன்றே பென்சிலால் எழுதுங்கள். தகப்பன் பெயர், மணமான பின்னுள்ள பெயர், வீட்டுப் பெயர் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பரிசளிப்பு விழா அறிக்கைகள், பழைய மலர்கள், தேர்ச்சி அறிக்கைகள் வைத்திருப்போர் அவற்றைப் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். யாழ்ப்பாணத்துப் பாடசாலை மலர்களை இணையத்திற் பேணிவரும் நூலக நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

அம்மம்மா போன பிறகு, அவருடைய வகுப்புப் படம் ஒன்று என்னிடம் வந்தது. நான்கு வரிசைப் பிள்ளைகள். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. மற்றவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் உங்களில் எவரேனும் இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அந்தப் படத்தைக் கொண்டு வருகிறேன்.