சிகிரியா உளியும் மருதானைக் கம்பிவலையும்

கொழும்பு மருதானை என்றதும் பலருக்கு ரயில் நிலையமும் ரவர் மண்டபமும் நினைவுக்கு வரும். என் போன்றோருக்கு அங்குள்ள தொழினுட்பக் கல்லூரியும், அதையடுத்துப் பஞ்சிகாவத்தை வரை நீளும் இரும்புக் கடைகளும் உதிரிப்பாகக் கடைகளுமே முதலில் தோன்றும். 1893ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கல்லூரிதான் இந்நாட்டின் பொறியியற் கல்விக்கு அடித்தளம் இட்டது. அதன் சுற்றுப்புறத்தில் ஆணி முதல் கம்பிவலை வரை இரும்பில் உள்ளவை எல்லாம் கிடைக்கும். பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் அத்தெருக்களில் நான் பல தடவை நடந்திருக்கிறேன். அங்கே அடிக்கடி காதில் விழும் ஓர் உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம்.

"ஸ்டெயின்லெஸ் வலை இருக்கிறதா?" என்று வாங்க வந்தவர் கேட்பார். "இருக்கிறது" என்பார் கடைக்காரர். விலை பேசி முடியும். எந்த ஸ்டெயின்லெஸ் என்று வந்தவர் கேட்பதில்லை. கேளாததைக் கடைக்காரர் சொல்வதுமில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் வெள்ளவத்தைக் கடலோர வீட்டின் யன்னல் வலையில் பழுப்புக் கறை படரும். "எல்லாம் போலி" என்று வீட்டுக்காரர் ஏசுவார். பெரும்பாலும் அது போலியாக இராது. பொருள் உண்மையானது, இடம் பிழையானது.

நம் வீடுகளில் இவ்வுலோகத்தைச் 'சில்வர்' என்கிறோம். தமிழகத்தில் 'எவர்சில்வர்' என்பர். அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. பாடநூல்களில் வரும் 'கறையில் உருக்கு' என்ற சொல்லே பொருளுக்கு நெருக்கமானது. ஆயினும் கறை படவே படாது என்ற உறுதியை எந்த உருக்கும் தருவதில்லை. இதைப் புரிந்துகொள்ள வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். அவ்வரலாறு நமது தீவோடும் தொடர்புடையது.

சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில் அப்பகுதி மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் ஆராயப்பட்டன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. மேற்கு நோக்கி அமைந்த அவ்வுலைகள், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்தின என்பதைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் உலை கட்டி, பரிசோதித்துக் காட்டினார். அவரது கட்டுரை 1996இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 9ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையில் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிட்டிருப்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

மூசையில் உருக்குச் செய்யும் அக்கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே முற்றாக அழியவில்லை. கொழும்பிற் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். கிராமத்து இரும்பு உருக்குவோரையும் உருக்குச் செய்வோரையும் கண்டு, அவர்களுடைய முறையைத் தம் 1908ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தார். கலை விமர்சகராக உலகம் போற்றும் அவர் முதலில் ஒரு நிலவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இந்திய உருக்கின் புகழ் அதற்கு முன்பே இலண்டனை எட்டியிருந்தது. 'வூட்ஸ்' என்று ஆங்கிலேயர் அழைத்த அவ்வுருக்கை ஆராயத் தொடங்கிய மைக்கல் பரடே, கத்தி செய்யும் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து 1820ஆம் ஆண்டளவில் இரும்போடு வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1821இல் பிரான்சின் பெர்த்தியே, குறோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குவதைக் கண்டார். துருப்பிடிக்காத உருக்கின் விதை அங்கே விழுந்தது. அது முளைக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு ஆங்கில உலோகவியலாளர் றொபேட் ஹட்ஃபீல்டுக்கும் உண்டு. மங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்த மேதை அவர். 1892இல் குறோமியம் கலந்த உருக்குகளை ஆராய்ந்த அவர், குறோமியம் அரிப்பைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கிறது என்று எழுதினார். அவருடைய பரிசோதனையிற் குறையில்லை. ஆனால் அவர் பயன்படுத்தியது ஐம்பது வீதச் செறிவுள்ள கந்தக அமிலம். அவ்வமிலத்தில் அவர் கண்டது உண்மைதான். காற்றிலும் மழையிலும் வினாகிரியிலும் நிலைமை முற்றிலும் வேறு. எந்தச் சூழலுக்கு எந்தப் பரிசோதனை என்ற கேள்வி எழாததால் ஒரு பெரும் கண்டுபிடிப்பு கை நழுவியது.

அதே ஹட்ஃபீல்ட், 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்திலிருந்து பெற்ற பண்டைய இரும்புப் பொருள்களை ஆராய்ந்து 1912இல் கட்டுரை வெளியிட்டார். சிகிரியாவிற் கிடைத்த, 5ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்பட்ட உளியொன்றும் அவற்றுள் இருந்தது. நம் கொல்லர் அடித்த உளியை அவர் ஆராய்ந்த அடுத்த ஆண்டிலேயே, அவருடைய செஃபீல்ட் நகரிலேயே, துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க வழி தேடிய ஹரி பிரியர்லி ஏறத்தாழ 13 வீதம் குறோமியம் கொண்ட உருக்கை வார்த்தார். அது 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். பிரியர்லி அதை வினாகிரியிலும் எலுமிச்சைச் சாற்றிலும் பரிசோதித்தார். சமையலறைக் கத்திக்கு அதுவே பொருத்தமான பரிசோதனை. ஜேர்மனியின் குரூப் நிறுவனத்தார் நிக்கலையும் சேர்த்த உருக்குக்கு 1912இலேயே காப்புரிமை கோரியிருந்தனர். இன்று நாம் சோறு உண்ணும் தட்டு அந்த வழிவந்தது.

இவ்வுருக்கு துருப்பிடிக்காதிருப்பதன் காரணம் எளியது. பத்தரை வீதத்துக்குக் குறையாத குறோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கும். கீறினாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். அதன் பகை உப்பு. கடற்காற்றிலுள்ள குளோரைட்டு படலத்தைத் துளைத்துவிடும்.

304 என்ற தரத்தில் குறோமியம் சுமார் 18 வீதம், நிக்கல் 8 வீதம். சமையற் பாத்திரத்துக்கும் உள்நாட்டு வீட்டுக்கும் அது போதும். 316 என்ற தரத்தில் 2 முதல் 3 வீதம் மொலிப்தினமும் சேரும். உப்பை அது கூடுதலாகத் தாங்கும். வெள்ளவத்தைக் கரைக்கும் துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனைக்கும் உரியது அதுவே. 201, 202 என்ற மலிவான தரங்களில் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மங்கனீசு இருக்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான்.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதை முழுமையாக நம்புவதற்கில்லை. 201 தரமும் 304ஐப் போலவே காந்தத்தில் ஒட்டாது. மறுபுறம், நல்ல 304 தரமே கம்பியாக இழுக்கப்படும்போது சிறிது காந்தத்தன்மை பெறுவதுண்டு. காந்தப் பரிசோதனையால் மலிவானது தப்பும், நல்லது குற்றவாளியாகும். உருக்காலை தரும் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள உலை எண்ணைப் பொருளோடு ஒப்பிடுவதே உரிய வழி.

இனி வலைக்கு வருவோம். தடித்த கம்பியை, வரவரச் சிறுக்கும் துளைகளூடாக இழுத்து மெல்லியதாக்குவர். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். ஆகவே இடையிடையே சூடாக்கி இளக்குவர். பின்னர் தறியில் ஏற்றுவர். வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் இயங்கிய நெசவாலையை மூத்தவர்கள் அறிவர். அங்கே பருத்தி நூலுக்கு நடந்ததே இங்கே கம்பிக்கு நடக்கிறது. நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாய்ச் சென்றால் சாதா நெசவு. இரண்டிரண்டாய்த் தாண்டினால் சாய்வு நெசவு.

வலையைக் கேட்கும்போது 'மெஷ்' எண் ஒன்றையே பலரும் சொல்வர். ஓரங்குலத்தில் எத்தனை கண் என்பதே அவ்வெண். அது மட்டும் போதாது. 10 மெஷ் வலையை 24ஆம் கேஜ் கம்பியால் நெய்தால் கண்ணின் அகலம் 1.98 மில்லிமீற்றர், திறந்த பரப்பு சுமார் 61 வீதம். அதே 10 மெஷ்ஷை 20ஆம் கேஜ் கம்பியால் நெய்தால் கண் 1.63 மில்லிமீற்றராகவும், திறந்த பரப்பு சுமார் 41 வீதமாகவும் குறையும். எண் ஒன்று, வலை இரண்டு. கேஜ் எண் கூடக் கம்பி மெலியும் என்பதும் புதியவரைக் குழப்பும். பிரித்தானியர் 1880களில் சட்டமாக்கிய அவ்வளவு முறை, மெற்றிக் முறை வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் நம் கடைகளில் வாழ்கிறது.

இந்த நுட்பத்தின் பெறுமதியை மலையகம் நன்கறியும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை தொழிற்சாலையாக வளர்ந்தபோது, சல்லடையே தேயிலையின் பெயரைத் தீர்மானித்தது. உலர்ந்த இலை எந்தக் கண் வழியே விழுகிறதோ அதற்கேற்ப அது பி.ஓ.பி. ஆகவோ டஸ்ட் ஆகவோ விற்பனைக்குச் செல்லும். சல்லடைக் கம்பி தேய்ந்து கண் பெருத்தால் தரம் கலக்கும், விலை விழும். சாதாரண இரும்பு தேயிலைச் சாற்றோடு சேர்ந்தால் கறுக்கும் என்பதால் துருவேறா உருக்கு அங்கே ஆடம்பரம் அன்று, தேவை. கொழுந்து பறித்த எம் மக்களின் உழைப்பு, கடைசியில் ஒரு மில்லிமீற்றர்க் கண்ணில் மதிப்பிடப்பட்டது.

எனவே வலை வாங்கச் செல்வோர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து விடயங்களை எழுதிச் செல்லவேண்டும்: உருக்கின் தரம், கண் அகலம், கம்பியின் விட்டம், நெசவு வகை, எவ்விடத்தில் பொருத்தப்போகிறோம் என்பது. ஐந்தாவதே முதன்மையானது. அதைச் சொன்னால் நேர்மையான கடைக்காரர் மற்ற நான்கையும் திருத்தித் தருவார். ஹட்ஃபீல்ட் போன்ற மேதைக்கே இடம் பிழைத்தபோது முடிவு பிழைத்தது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் தம் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும் நம்மவர்க்கு அந்தப் பிழை கட்டுப்படியாகாது.