கிளிமஞ்சாரோ ஏற்றம்: முதல்முறை ஏறுவோருக்கான திட்டமிடல்

கிளிமஞ்சாரோ, தான்சானியாவின் வடகிழக்கில் கென்ய எல்லையை ஒட்டி நிற்கும் எரிமலை. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை. ஷிரா, மாவென்சி, கிபோ என்ற மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்தது. கிபோவின் விளிம்பிலுள்ள உகுரு சிகரத்தின் உயரம் 5,895 மீட்டர். ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் இருவரும் 1889இல் முதன்முதலாக இந்த உச்சியை எட்டினர். இன்று வழக்கமான பாதைகளில் கயிறு, பனிக்கோடரி எதுவும் இல்லாமல் நடந்தே உச்சிக்குப் போகலாம். மலையேறிப் பழக்கமில்லாதவர்கள் பலர் தங்கள் முதல் பெரிய மலையாக இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இந்த மலையின் கடினம் செங்குத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே பயணத் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மலையில் எத்தனை நாள் என்பது. பாதை, செலவு, விடுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் அடுத்த இரவைக் கழிக்கக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. இதை வைத்துப் பார்த்தால் பாதைகளின் தரம் விளங்கிவிடும். மராங்கு பாதை சரிவு குறைந்தது. கூடாரத்துக்குப் பதில் குடில்களில் படுக்கை கிடைக்கும். இதனால் ‘எளிய பாதை’ என்று பெயரெடுத்திருக்கிறது. ஆனால் அதன் குடில்கள் மந்தாரா 2,720 மீட்டர், ஹோரோம்போ 3,720, கிபோ 4,720 என்று இரவுக்கு இரவு ஆயிரம் மீட்டர் தாண்டுகின்றன. ஐந்து நாளில் இதை முடிக்கும் திட்டத்தைப் புதியவர் ஏற்கவே கூடாது. ஹோரோம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் ஆறு நாள் திட்டம் ஓரளவு தேவலை.

தெற்கிலிருந்து ஏறும் மச்சாமே, மேற்கிலிருந்து ஏறும் லெமோஷோ இரண்டிலும் நடை அதிகம், ஏற்ற இறக்கமும் அதிகம். அந்த ஏற்ற இறக்கமே உடலுக்கு நல்லது. பகலில் சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏறி, மாலைக்குள் 3,960 மீட்டரிலுள்ள பாரான்கோ முகாமுக்கு இறங்கிவிடுகிறார்கள். உயரத்தைப் பகலில் காட்டிவிட்டு இரவில் தாழ்வான இடத்தில் உடலைத் தேறவிடும் முறை இது. மறுநாள் காலை பாரான்கோ சுவரில் சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். மச்சாமேக்கு ஏழு நாள், லெமோஷோவுக்கு எட்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது. வடக்கே கென்யப் பக்கத்திலிருந்து வரும் ரோங்காய் பாதையில் மழை குறைவு.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் இறுதி முதல் அக்டோபர் வரையும் ஏற ஏற்ற காலம். மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை.

பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் பூங்காவுக்குள் ஏற அனுமதியில்லை. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுவதால் ஒவ்வொரு கூடுதல் நாளும் செலவை ஏற்றுகிறது. நாளைக் குறைக்கச் சொல்லும் சபலம் இங்கேதான் வருகிறது. மற்றவர்களைவிட மிக மலிவாக அழைத்துப்போகும் நிறுவனம் அந்தக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. சுமைதூக்கிகளின் கூலியிலும் சாப்பாட்டிலும்தான் அது கைவைக்கும். ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ என வரம்பு உண்டு. அது நுழைவாயிலில் நிறுத்துப் பார்க்கப்படுகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே கூலி எவ்வளவு, அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். இறுதி நாளில் கொடுக்கும் அன்பளிப்புத் தொகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சியை மூன்று மாதம் முன்பே தொடங்கலாம். முதுகில் ஆறேழு கிலோ பையுடன் அடுத்தடுத்த நாட்களில் பல மணி நேரம் நடப்பது, படிக்கட்டு ஏறி இறங்குவது ஆகியவை போதும். இறங்கும் பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழங்கால் அங்கேதான் அடிவாங்குகிறது. காலணி புதிதாக இருக்கக் கூடாது. ஆனால் உடல்வலு மலை நோயைத் தடுக்காது. திடமான இளைஞர்கள் வேகமாக ஏறிப் படுத்துவிடுவதும் உண்டு. ‘போலே போலே’, அதாவது மெல்ல மெல்ல என்று வழிகாட்டிகள் சுவாஹிலியில் ஓயாமல் சொல்வது சடங்குக்காக அல்ல.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை மலை நோயின் தொடக்க அடையாளங்கள். இவை இருக்கும்போது மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டும் உயிரைப் பறிப்பவை; விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்க வேண்டும். முன்தடுப்பாக அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். அதனால் விரல்கள் மதமதக்கும், சிறுநீர் அதிகம் போகும். காப்பீடு 6,000 மீட்டர் உயரம் வரை செல்லுமா என்பதை எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

உச்சி ஏறும் இரவுக்கென்றே தனி ஆயத்தம் தேவை. மச்சாமே, லெமோஷோ பாதைகளில் 4,673 மீட்டரிலுள்ள பாராஃபு முகாமிலிருந்து நள்ளிரவு வாக்கில் கிளம்புவார்கள். குளிர் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். உள்ளாடை பருத்தியாக இருந்தால் வியர்வை ஊறி உடல் விறைத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், வாய் அடைபடாது. தலைவிளக்கின் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். 5,756 மீட்டரிலுள்ள ஸ்டெல்லா முனையை விடியலை ஒட்டி எட்டியபின் உகுருவுக்கு விளிம்போடு ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. அன்றே ம்வேக்கா முகாமுக்கு, அதாவது 2,700 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இரவும் பகலுமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நடப்பதால் கால் நகங்களை முன்னதாகவே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் காலணி முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தை இறங்கிய மறுநாளுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. அடிவாரத்து மோஷி நகரில் மலேரியா உண்டு. வீடு வந்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் தான்சானியா போய்வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.