பதினைந்து மீட்டர் எல்லை: டேவிட் பெர்காஃபும் மல்லாந்து நீச்சலின் விதி மாற்றங்களும்

1988 செப்டம்பர் 24, சியோல் ஒலிம்பிக். ஆடவர் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலின் தகுதிச்சுற்றில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டேவிட் பெர்காஃப், தொடக்கச் சுவரை உதைத்து நீரில் மூழ்கியவர், ஏறத்தாழ 35 மீட்டர் தாண்டித்தான் தலையை வெளியே காட்டினார். ஐம்பது மீட்டர் குளத்தில் முதல் நீளத்தின் பெரும்பகுதி நீருக்கடியிலேயே முடிந்துவிட்டது. நேரம் 54.51 விநாடி, உலக சாதனை.

மேற்பரப்பில் நீந்துபவரின் உடல் அலையை எழுப்புகிறது. அந்த அலைக்கே ஆற்றலின் ஒரு பங்கு போய்விடுகிறது. போதிய ஆழத்தில் அந்த இழப்பு மிகக் குறைவு. கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டி, மேற்கைகளைக் காதோடு இறுக்கி, இரு கால்களையும் சேர்த்துச் சாட்டைபோல் அடிப்பதே டால்ஃபின் உதை. இது பெர்காஃபின் கண்டுபிடிப்பு அன்று. அவருக்கு முன்பே ஜெஸ்ஸி வசால்யோ என்ற நீச்சல் வீரர் இதை மல்லாந்து நீச்சலில் கையாண்டிருக்கிறார். ஹார்வர்டில் ஜோ பெர்னாலிடம் பயிற்சி பெற்ற பெர்காஃப் செய்தது, அதை எல்லைவரை நீட்டிப் பார்த்ததுதான்.

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளின் குளமும் இதற்குத் தோதானது என்பது என் கருத்து. அங்கே நீளம் 25 கெஜம், அதாவது 22.86 மீட்டர். நூறு கெஜப் பந்தயத்தில் சுவரை உதைத்துக் கிளம்பும் வாய்ப்பு நான்கு முறை வரும். ஒலிம்பிக் குளத்தின் நூறு மீட்டரில் இரண்டே முறை. நீரடி உதையில் தேறியவனுக்குக் கல்லூரிக் குளம் கூடுதலாகவே கைகொடுக்கும். அந்தத் திறமையைப் பெரிய குளத்திலும் செல்லுபடியாக்கியதில்தான் பெர்காஃபின் தனித்தன்மை இருக்கிறது. 1988 ஆகஸ்டில் ஆஸ்டினில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலை 55 விநாடிக்குள் நீந்திய முதல் மனிதர் ஆனார்.

சியோல் இறுதிச்சுற்றில் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. ஜப்பானின் டைச்சி சுசூகியும் நீரடி உதைக்காரர்தான். வழக்கமான 25 மீட்டரை அன்று 30 ஆக நீட்டி, 55.05 விநாடியில் வென்றார். பெர்காஃப் 55.18, சோவியத்தின் இகோர் பொல்யான்ஸ்கி 55.20. காலைத் தகுதிச்சுற்றில் எடுத்த நேரத்தை பெர்காஃப் திரும்ப எடுத்திருந்தால் அரை விநாடிக்கு மேல் முந்தியிருப்பார். கலப்புத் தொடர் நீச்சலில் மட்டும் தங்கம் கிடைத்தது.

அந்த ஒலிம்பிக் முடிந்த கையோடு உலக நீச்சல் கூட்டமைப்பு கத்தரியை எடுத்தது. முதலில் 10 மீட்டர் வரம்பு, 1991-இல் 15 மீட்டர். முன்மாதிரி இல்லாமலில்லை: 1956 மெல்போர்னில் மசாரு ஃபுருகாவா பெரும்பாலும் நீருக்கடியில் நீந்தி மார்பு நீச்சலில் வென்றபின், அந்த வகையிலும் நீரடி நீச்சல் தடுக்கப்பட்டது. மல்லாந்து நீச்சல் என்று பெயர் வைத்துவிட்டு, கை வீச்சையே காண முடியாத பந்தயம் நடத்துவதா என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் தடையால் வேகம் குறையவில்லை. 1991 ஆகஸ்டில், எட்மன்டனில், ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப் ரௌஸ் 53.93 விநாடியில் பெர்காஃபின் சாதனையை முறியடித்தார். திரும்பும்போது சுவரைக் கையால் தொடவேண்டும் என்ற கட்டாயம் அதே 1991-இல் நீங்கியதும் வீரர்களுக்குச் சாதகம். இருந்தாலும் 54.51-ஐ முழுக்க நீரடியின் கணக்கில் எழுதுவது சரியாகாது. நெடுந்தூரம் மூச்சடக்கியதற்கான விலையைப் பந்தயத்தின் பின்பாதியில் கொடுத்தே ஆகவேண்டும்.

1992 பார்சிலோனாவில், புதிய வரம்புக்குள் நீந்தி, பெர்காஃப் 54.78 விநாடியில் வெண்கலம் வென்றார். கனடாவின் மார்க் டியூக்ஸ்பரி 53.98-இல் தங்கமும் ரௌஸ் 54.04-இல் வெள்ளியும் பெற்றார்கள். நீரடி வித்தைக்காரர் என்ற பட்டத்தோடு அவரை ஒதுக்க முயல்வோருக்கு இந்த வெண்கலமே பதில்.

1998-இல் 15 மீட்டர் வரம்பு பட்டர்ஃப்ளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் நீண்டது. நீரடி உதையையே பலமாக வைத்திருந்த ஸ்டான்ஃபோர்டின் மிஸ்டி ஹைமன், அந்த வரம்புக்குள் நீந்தியே 2000 சிட்னியில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சூசி ஓ'நீலை அவரது சொந்த நாட்டில் தோற்கடித்தார்.