பின்தள மொழியும் ஊரின் ஆள்வளமும்: திருநெல்வேலியை முன்வைத்து ஒரு வாதம்

புத்தொழில் நிறுவனத்தின் பின்தளத்துக்கு எந்த நிரல்மொழி என்ற விவாதம் பெரும்பாலும் வேகத்தைச் சுற்றியே நடக்கிறது. திருநெல்வேலியில் ஐந்தாறு பேரோடு தொடங்கும் நிறுவனத்துக்கு அது இரண்டாம் கேள்விதான். எழுதியவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போனால் அந்த நிரலை அடுத்து யார் கையில் எடுப்பார் என்பதே முதல் கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி பொறியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே பைத்தான் படித்தார்கள். கணினி அறிவியல் பிரிவினர் பின்னர் ஜாவாவும் படித்தார்கள். தேர்வுக்குப் படித்தது அப்படியே தொழிலுக்கு உதவிவிடாது. ஆனாலும் ரஸ்ட், எலிக்சர் மொழிகளைப் போல அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆகவே மொழித் தேர்வு பைத்தான், ஜாவா இரண்டுக்குள் அமைவதே தகும். ஜாவாவில் தேர்ந்தவர் குழுவில் இல்லையென்றால், பைத்தானும் அதன் வலைச் சட்டகமான ஜாங்கோவும். 2005இல் வெளிவந்த ஜாங்கோ, உள்நுழைவு, நிர்வாகப் பக்கம், தரவுத்தள மைக்ரேஷன் எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது. மற்றொரு பைத்தான் சட்டகமான பாஸ்ட்ஏபிஐ இலகுவானதுதான், ஆனால் இவற்றையெல்லாம் குழுவே பொறுக்கிச் சேர்க்க வேண்டும், சேர்த்த விதம் சேர்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

பத்தமடைப் பாய்களை இணையத்தில் விற்கும் பின்தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கையால் நெய்த நுண்பாய் ஒவ்வொன்றும் தனி, இருப்பு ஒன்றே. ஒரே நொடியில் இருவர் அதை வாங்க வந்து, இரு கோரிக்கைகளும் இருப்பை 1 என்று படித்துவிட்டால், ஒரே பாய் இருவருக்கு விற்றுப்போகும். கோ மொழியில் எழுதினாலும் ரஸ்ட்டில் எழுதினாலும் இதே கதைதான். தடுக்கக்கூடியது தரவுத்தளத்தின் வரிசைப் பூட்டு. ஜாங்கோவில் பரிவர்த்தனைக்குள் 'செலக்ட் ஃபார் அப்டேட்' சேர்த்தால் அது கிடைத்துவிடும். (பூட்டைப் பிடித்துக்கொண்டே பேமென்ட் கேட்வேயின் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது, பாயைச் சில நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பூட்டை விட்டுவிட வேண்டும்.) நேரமும் பெரும்பாலும் இத்தகைய காத்திருப்பில்தான் கரைகிறது, மொழியின் ஓட்டத்தில் அல்ல.

ட்விட்டர் ரூபி ஆன் ரெயில்ஸை விட்டு ஸ்காலாவுக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். போனது, ஆனால் அப்படிப் போக வேண்டிய அளவுக்கு அது வளர்ந்ததே ரெயில்ஸில்தான். இதைவிட வலுவான மறுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தென்காசிப் பகுதியின் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ பெரிய வளாகம் நடத்துகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களையும் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. ஆளை உருவாக்கிக்கொள்ளலாம் என்றால் ஊரில் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஏன் பார்க்க வேண்டும்? ஆனால் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பயிற்சிப் பள்ளி வந்தது பல ஆண்டுகளுக்குப் பின். உதவித்தொகையோடு ஒருவரை ஆண்டுக்கணக்கில் பயிற்றுவிக்க வருவாய் வேண்டும். முதல் வாடிக்கையாளரைத் தேடும் நிறுவனத்திடம் அது இராது. ஜோஹோவிலிருந்து எனக்குக் கிடைக்கும் சான்று வேறு: அதன் மென்பொருள்களில் பெரும்பகுதிக்கு அடித்தளம் ஜாவா. அந்த அனுபவத்தோடு வெளியே வரும் ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அவருக்கு ஜாவாவின் ஸ்பிரிங் பூட் சட்டகம்தான் பொருத்தம். 2023இல் ஜாவா 21 கொண்டுவந்த மெய்நிகர் இழைகளுக்குப் பிறகு, காத்திருப்பைக் கையாள்வதிலும் அதைக் குறை சொல்ல அதிகமில்லை.